முதலைகளின் உடலமைப்பும் தொல்வரலாறும்

முதலைகள் என்பவை நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும், ஊன் உண்ணும் பெரிய ஊர்வன ஆகும். முதலை, அலிகேட்டர், கரியால் ஆகிய மூன்று குடும்பங்களும் சேர்ந்து முதலை வரிசை எனப்படுகின்றன. "ஊர்வனவற்றின் இதயம் மூன்று அறைகள் கொண்டது, முதலைக்கு மட்டும் நான்கு அறைகள்" என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, ஏன் இந்த விதிவிலக்கு என்று கேட்காமல் விட்டிருப்போம். அதற்கான விடை முதலைகளின் தொல்வரலாற்றில் உள்ளது. அவ்வரலாற்றின் ஒரு துண்டு நம் அரியலூர் மாவட்டத்திலும் கிடைத்துள்ளது.

இந்திய இனங்கள்

இந்தியாவில் மூன்று இனங்கள் உள்ளன.

- சதுப்புநில முதலை: ஆறு, ஏரி, அணைகளில் வாழ்வது. தமிழ்நாட்டில் அமராவதி அணை, ஒகேனக்கல் போன்ற இடங்களில் காணப்படுகிறது.
- உவர்நீர் முதலை: இன்று வாழும் ஊர்வனவற்றில் மிகப் பெரியது. ஒடிசாவின் பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் பகுதிகளில் வாழ்கிறது.
- கரியால்: நீண்டு ஒடுங்கிய மூக்குடைய மீனுண்ணி. சம்பல் ஆறு இதன் முக்கிய வாழிடம்.

உடலமைப்பு

முதலையின் கண், காது, மூக்குத் துளை மூன்றும் தலையின் மேற்பரப்பில் அமைந்துள்ளன. எனவே உடல் முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும்போதே பார்க்கவும் கேட்கவும் மூச்சு விடவும் முடிகிறது. வாய்க்கும் மூச்சுப் பாதைக்கும் இடையே எலும்பாலான அண்ணம் உண்டு. தொண்டையில் உள்ள தசை மடிப்பு, வாய்க்குள் புகும் நீர் மூச்சுக்குழலுக்குச் செல்லாமல் தடுக்கிறது. பற்கள் தாடை எலும்பின் குழிகளில் பொருந்தியுள்ளன. விழுந்தால் மீண்டும் முளைக்கும். முதுகுத் தோலுக்குள் எலும்புத் தகடுகள் உள்ளன.

இதயத்தின் இரண்டு கீழறைகளும் முழுமையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆனால் பறவை, பாலூட்டிகளைப் போலன்றி, வலது கீழறையிலிருந்தும் ஒரு பெருந்தமனி புறப்படுகிறது. இரண்டு பெருந்தமனிகளையும் பனிசா துளை இணைக்கிறது. நீரில் மூழ்கி மூச்சை அடக்கியிருக்கும்போது, நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதியை உடலுக்கே திருப்பி அனுப்ப இந்த அமைப்பு இடமளிக்கிறது.

இனப்பெருக்கம்

சதுப்புநில முதலை கரையில் குழி தோண்டி முட்டையிடுகிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அடைகாப்பு வெப்பநிலை முடிவு செய்கிறது. 1989இல் வெளியான ஆய்வின்படி, 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையிலான நிலையான வெப்பத்தில் பெண் குஞ்சுகளே பிறந்தன; 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகளே பிறந்தன. பொரியும் நேரத்தில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். தாய் கூட்டைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டு செல்லும். இவ்வினத்தில் தந்தையும் இப்பணியில் உதவுவது பதிவாகியுள்ளது.

நெருங்கிய உறவினர் யார்?

முதலையைப் பார்த்தவுடன் உடும்பும் பல்லியும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் இன்று வாழும் உயிர்களில் முதலைக்கு மிக நெருங்கிய உறவினர் பறவைகளே. முதலைகளும், டைனோசர்களும், டைனோசர்களின் வழிவந்த பறவைகளும் ஆர்க்கோசார்கள் என்னும் ஒரே பெருங்குழுவைச் சேர்ந்தவை. முதலை வழியும் பறவை வழியும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. நான்கு அறை இதயம் இவ்விரண்டுக்கும் பொதுவானது. ஆகவே முதலையின் இதயம் விதிவிலக்கு அன்று, குடும்பச் சொத்து. முதலையின் மூதாதைகள் சுறுசுறுப்பான, வெப்ப இரத்த விலங்குகளாக இருந்திருக்கலாம் என்றும் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

புதைபடிவங்கள் கூறுவது

முதலை "மாற்றமே அடையாத வாழும் புதைபடிவம்" என்று சொல்லப்படுவதுண்டு. புதைபடிவங்கள் இதை மறுக்கின்றன. முதலை வழியின் தொடக்க கால விலங்குகள் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டு நிலத்தில் ஓடித் திரிந்தன. ஜுராசிக் காலத்தில் ஒரு கிளை கடலுக்குச் சென்று, துடுப்புக் கால்களும் மீன் போன்ற வால் துடுப்பும் பெற்றது.

மற்றொரு கிளை தாவரங்களை உண்டது. மடகாசுகரில் கண்டெடுக்கப்பட்டு 2000ஆம் ஆண்டு பெயரிடப்பட்ட சிமோசூக்கசு ஒரு மீட்டருக்கும் குறைவான நீளமுடையது; மொண்ணையான முகமும் இலை வெட்டும் பற்களும் கொண்டது. இதை ஒத்த விலங்கின் பற்கள் அரியலூர் மாவட்டம் கல்லமேடு படிவுகளில் கிடைத்ததாக 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இப்படிவுகள் கிரெட்டேசியக் காலத்தின் இறுதியைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவும் மடகாசுகரும் ஒட்டியிருந்தன என்பதை நினைவில் கொண்டால், இந்த ஒற்றுமை வியப்பளிக்காது.

தோற்றம் ஏமாற்றவும் கூடும். தெலங்கானாவின் மலேரி படிவுகளில் கிடைத்த பாராசூக்கசு, பார்வைக்குக் கரியாலைப் போன்றது. ஆனால் அதன் மூக்குத் துளைகள் மூக்கின் நுனியில் இல்லை; கண்களுக்கு அருகில் உள்ளன. அது முதலைகளின் மூதாதை அன்று. ஒரே வகை வாழ்க்கை, தனித்தனி வழிகளில் ஒரே வகை உடலை உருவாக்கியுள்ளது.

இன்றைய நிலை

தோலுக்காக வேட்டையாடப்பட்டதாலும் வாழிடம் சுருங்கியதாலும் இந்திய முதலைகள் அழிவின் விளிம்புக்குச் சென்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்குக் காப்பளித்தது. 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 1976இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் ரோமுலசு விட்டேக்கரும் பிறரும் சென்னை முதலைப் பண்ணையை நிறுவினர்.

ஓடியவை, நீந்தியவை, இலை தின்றவை எனப் பலவாக இருந்த பெருங்குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பவை நீர்க்கரையில் பதுங்கி வாழும் இவை மட்டுமே. ஆற்றங்கரைகளை இழந்தால் இவற்றுக்கு வேறு புகலிடம் இல்லை.