உள்ளங்கை அளவு களிமண்ணில் ஒரு வர்க்கமூலம்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், பாபிலோனியச் சேகரிப்பில் 7289 என்று எண்ணிட்ட களிமண் வில்லை ஒன்று இருக்கிறது. வட்டமானது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கி.மு. 1800க்கும் 1600க்கும் இடையே, இன்றைய இராக்கின் தென்பகுதியில் கணக்குப் படித்த ஒரு மாணவரின் பயிற்சி வில்லை இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஈரக் களிமண்ணில் ஒரு சதுரம்; அதன் குறுக்கே இரண்டு மூலைவிட்டங்கள். ஒரு பக்கத்தின் மேல் 30 என்ற எண். மூலைவிட்டத்தை ஒட்டி 1, 24, 51, 10. அதன் கீழே 42, 25, 35. எழுதத் தேவைப்பட்டது நாணல் குச்சி ஒன்றுதான். அதை நேராக அழுத்தினால் ஒன்று, சாய்த்து அழுத்தினால் பத்து. இந்த இரண்டு குறிகளாலேயே 59 வரை எழுதிவிடலாம். அதற்கு மேல் இடமதிப்பு. நமக்குப் பத்து எப்படியோ, அவர்களுக்கு அறுபது அப்படி.

அந்த முறையில் முதல் வரிசையைப் படித்துப் பாருங்கள். 1, அதோடு 60இல் 24 பங்கு, 3600இல் 51 பங்கு, 2,16,000இல் 10 பங்கு. கூட்டினால் 1.414213 வரும். இரண்டின் வர்க்கமூலம் 1.414214. வில்லையின் அந்த முதல் வரிசையை 30ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் மூன்றாவது எண்ணான 42, 25, 35, அதாவது மூலைவிட்டத்தின் நீளம். 30 மீட்டர் பக்கமுள்ள சதுர மனைக்கு இந்தக் கணக்கைப் போட்டால், பிழை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் உள்ள இந்த உறவைப் பிதாகரஸ் தேற்றம் என்று படிக்கிறோம். பிதாகரஸ் வாழ்ந்தது கி.மு. ஆறாம் நூற்றாண்டு. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியப் பள்ளிகளில் இது புழங்கியிருக்கிறது. நிரூபணம் இந்த வில்லையில் இல்லை. விதியும் அதைத் துல்லியமாகக் கையாளும் திறமையும் இருக்கின்றன.

இத்தனை காலம் இது தப்பியதற்குக் களிமண்ணே காரணம். பாப்பிரஸ் தாள் மட்கிவிடும்; காய்ந்த களிமண் மண்ணுக்கடியில் நிலைத்திருக்கும், தீப்பட்டால் வெந்து இறுகிவிடும். இராக்கிலுள்ள பண்டைய நிப்பூர் நகரில் பழைய பள்ளி வீடு ஒன்றின் சுவரிலும் தரையிலும் கட்டுமானப் பொருளாகப் போட்டு மூடிய மாணவர்களின் களிமண் பலகைகள்கூட ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிதாகரஸ் தேற்றம் நடத்தும் நாளில் இந்தச் சதுரத்தையும் மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர்களே கூட்டிச் சரிபார்க்கட்டும்.