சிங்கத்தைப் படமெடுப்பது எப்படி?



நம் நாட்டுக் காடுகளில் புலி உண்டு, சிங்கம் இல்லை. ஆப்பிரிக்காவிலும், இந்தியாவில் குஜராத் மாநிலத்தின் கீர் பகுதியிலும் மட்டுமே அது காட்டு விலங்காக வாழ்கின்றது. ஆகவே, அதனை நேரிற் காண விரும்புவோர் விலங்கியல் பூங்காவிற்கே செல்லுதல் வேண்டும். பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு, 1961ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தைப்பிங் விலங்கியல் பூங்கா அவ்வாய்ப்பை அளிக்கின்றது.

அங்குச் செல்வோர் பலர், சிங்கம் உறங்குவதைக் கண்டு ஏமாற்றம் அடைவர். சிங்கம் நாளொன்றுக்கு 20 மணி நேரம் வரையிலும் ஓய்வு கொள்ளும் இயல்புடையது. அதனை எழுப்பக் கூச்சலிடுவதும் கல்லெறிவதும் கொடுஞ்செயல்களாகும். காட்டுச் சிங்கம் தொல்லை தருவோரை விட்டு விலகிச் செல்லும். அடைபட்ட சிங்கம் எங்கே செல்லும்?

நல்ல படத்திற்கு வேளையறிதல் முதன்மையானது. குளிர்ந்த விடியற்பொழுதிலேதான் ரப்பர் மரத்தில் பால் நன்கு வடியும் என்பதை நம் தோட்டத்துப் பெரியோர் அறிவர். சிங்கத்திற்கும் குளிர்ந்த பொழுதே ஏற்றது. ஆதலின், பூங்கா திறந்தவுடனோ மாலையிலோ செல்லுங்கள்.

கம்பி வலை இருப்பின், சிங்கம் வலையை விட்டுச் சற்று அப்பால் வரும்வரை காத்திருங்கள். பின்னர், பார்வையாளர் தடுப்பைத் தாண்டாமல், உருவத்தை அண்மைப்படுத்தி எடுத்தால் கம்பிகள் மங்கிவிடும். வெயில் பட்ட கம்பி பளிச்சிடும்; நிழல் விழுந்த பக்கமே நன்று. கண்ணாடித் தடுப்பாயின், கருவியை அதனோடு ஒட்டிவைத்தால் நம் நிழலுருவம் அதில் தோன்றாது. மின்னொளியைப் பயன்படுத்தாதீர்கள், அது விலங்கை மிரளச் செய்யும், கண்ணாடியிற் பட்டுப் படத்தையும் கெடுக்கும். சிங்கம் படுத்திருந்தால் நாமும் குனிந்து, அதன் கண்கள் தெளிவாகத் தெரியுமாறு எடுத்தல் வேண்டும்.

வாய் பிளந்த சிங்கத்தின் படத்தைக் கண்டதும், அது கர்ச்சிக்கின்றது என்கிறோம். பெரும்பாலும் அது கொட்டாவியே! உறங்கியெழும் சிங்கம் அடுத்தடுத்துக் கொட்டாவி விடுவதுண்டு. முதலாவதைத் தவறவிட்டவர் கருவியை ஆயத்தமாக வைத்திருந்தால் அடுத்ததைப் பிடிக்கலாம். கல்லெறிந்தவனுக்குக் கிட்டுவது மிரண்ட விலங்கின் முதுகு. காத்திருந்தவனுக்குக் கிட்டுவது அதன் கம்பீரமான முகம்.

பெற்றோர்களே! பிள்ளைகளைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லுங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை; கைப்பேசியே போதும். வாயில்லா உயிரைத் துன்புறுத்தாமல் பொறுத்திருந்து எடுத்த ஒரு படம், விரைந்தெடுத்த நூறு படங்களினும் சிறந்ததாகும்.