டாமார் மின்யாக் மரம்

கூம்பு காய்க்கும் மரம் என்றதும் நமக்குக் குளிர்நாட்டுப் பைன் மரமே நினைவுக்கு வரும். தீபகற்ப மலேசியாவில் இயற்கையாக வளரும் பைன் மரம் இல்லை. ஆயினும், அதன் தூரத்து உறவான டாமார் மின்யாக் பினாங்கு மலை, ஜெராய் மலை போன்ற இடங்களில் ஓங்கி வளர்கிறது. இதன் இலை ஊசி போன்றதன்று, அகன்றது. பூவும் பூக்காது. உருண்டைக் கூம்பு முதிர்ந்து சிதறும்போது சிறகுள்ள விதைகள் காற்றில் பறக்கும்.

பட்டையைக் கீறினால் பிசின் வடியும். பால்மரம் வெட்டுவோருக்கு இது புதுமையன்று! ஆனால் இரப்பர் பால் கிண்ணத்தில் சேரும். இப்பிசினோ மரத்திலேயே இறுகிக் கட்டியாகும். அதைக் கொண்டு வார்னிஷ் செய்தனர், பந்தமும் கொளுத்தினர். பட்டைக்கு ஓய்வு கொடாமல் ஆழமாக வெட்டினால் மரம் நலியும் என்பதை நம் பெற்றோர் நன்கறிவர். இம்மரத்திற்கும் அதுவே நேர்ந்தது. பலகைக்காகவும் வெட்டப்பட்டமையால், இன்று இது அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாகிவிட்டது.