கிறீச் சத்தம் கேட்டால் உஷார்! கார் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாம்... ஆனா பெடலை மறக்காதீங்க

மேட்டுப்பாளையம்,

சீசன் நேரத்தில் சாயங்காலம் கல்லார் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். குன்னூரில் இருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும் வெளியூர் கார்கள் பலவற்றில் சக்கரத்துப் பக்கம் கருகின வாடை மூக்கைத் துளைக்கும். சில வண்டிகளில் லேசாக புகையும் வரும். வழியில் பர்லியாரில் டீ குடிக்க நிறுத்துகிறவர்கள் கூட சக்கரத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த வாடைக்கு காரணம் பிரேக் பேடு. சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டை (டிஸ்க்) இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது இதுதான். பிடிக்கப் பிடிக்க தேயும். புதுசில் சுமார் 10 மில்லி மீட்டர் கனம் இருக்கும். 3 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

பேடு தேய்ந்தால் என்ன ஆகும்?

பிரேக் பிடிக்காமல் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு விஷயம் பலருக்கு தெரியாது. கனமாக இருக்கும்போது பேடு ஒரு தடுப்பு மாதிரி. டிஸ்க்கில் கிளம்பும் சூட்டை பின்னால் உள்ள பிரேக் ஆயிலுக்கு சீக்கிரம் போகவிடாது. தேய்ந்துவிட்டால் சூடு நேராக ஆயிலுக்கு போகும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழசு என்றால் 155 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இறக்கத்தில் "பிரேக் பெயிலியர்" என்று சொல்வதில் பாதிக்கதை இதுதான்.

ஊட்டியில் இருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018-ல் சென்னையில் இருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து 5 பேர் இறந்த பிறகு, வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்க கட்டுப்பாடு வந்தது. அந்த விபத்துக்கு பேடுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாதிரி பாதையில் தேய்ந்த பேடோடு இறங்குவது தற்கொலைக்கு சமம்.

சத்தமே சொல்லும்

பல பேடுகளில் சின்ன தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி கிறீச் என்று கத்தும். அப்போதே மாற்றினால் பேடு செலவோடு போகும். அதையும் கண்டுக்காமல் ஓட்டினால் கரகர சத்தம் வரும். இரும்பும் இரும்பும் உரசுகிறது என்று அர்த்தம். அப்புறம் டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். அது வீட்டு வேலை இல்லை, ஒர்க்ஷாப்புக்கு விடுங்க.

நம்ம ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் பேடை மட்டும் வீட்டிலேயே மாற்றலாம். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருந்தால் 2 மணி நேர வேலை. பின் சக்கர டிரம்மை பிரிக்க வேண்டாம். பட்டன் அமுக்கும் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பின் பக்கம் கை வைக்கவே கூடாது.

வேலை எப்படி?

சமதளமான தரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கியரில் போட்டால் போதும் என்று நினைக்காதீங்க. முன் சக்கர இழுவை வண்டியில் ஒரு முன் சக்கரத்தை தூக்கிவிட்டால் கியர் பிடிக்காது. வீல் நட்டை சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாக தளர்த்திவிட்டு பிறகு ஜாக்கி போடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி கையை உள்ளே விடக்கூடாது. ஸ்டாண்டு கட்டாயம். கழற்றிய சக்கரத்தையும் படுக்க வைத்து வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டால் இன்னும் நல்லது.

டிஸ்க்கை கவ்வி நிற்கும் காலிப்பரில் பின்பக்கம் இரண்டு போல்ட் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் காலிப்பர் மேலே தூக்கிக்கொள்ளும். அதை கட்டுக்கம்பியால் கட்டி வையுங்கள். ரப்பர் ஓஸில் தொங்கவிட்டால் ஓஸ் போச்சு. இந்த நேரத்தில் வீட்டில் யாரும் விளையாட்டுக்கு கூட பிரேக்கை மிதிக்கக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

பழைய இரண்டு பேடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று நல்லா இருந்து இன்னொன்று மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரும் பின் இறுகிப்போயிருக்கிறது. அதை கழற்றி துடைத்து, பிரேக்குக்கு என்று விற்கும் கிரீஸ் தடவாமல் புது பேடு போட்டு பிரயோஜனம் இல்லை. அந்த கிரீஸ் பேடு முகத்திலோ டிஸ்க்கிலோ படக்கூடாது. தூசியை வாயால் ஊதவும் கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. ஈரத்துணியால் துடையுங்கள்.

புது பேடு கனமாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்பால் மெதுவாக இறுக்குங்கள். பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பா மூடியை முன்னாடியே திறந்து ஒரு கண் வையுங்கள். ஆயில் ஏறும், வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். பிறகு புது பேடு, காலிப்பர், போல்ட் என்று கழற்றின வரிசையை திருப்பிப் போட்டால் முடிந்தது. ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். குழப்பம் வந்தால் எட்டிப்பார்க்க பிரிக்காத பக்கம் ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் கட்டாயம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

எனக்கு நடந்தது

சில வருடம் முன்பு என் பழைய காருக்கு நானே முதன்முதலாக பேடு மாற்றினேன். எல்லாம் கரெக்டாக முடிந்தது என்று கையைக் கழுவிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து ரிவர்ஸில் தெருவுக்கு எடுத்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல் தரையில் போய் முட்டுகிறது. வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை பிடித்து இழுத்ததில் எதிர் வீட்டு தண்ணீர் தொட்டிக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றது. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் முன்பு வரை பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு எனக்கு சாப்பாடே இறங்கவில்லை.

செய்த தப்பு ஒன்றுதான். உள்ளே தள்ளிய பிஸ்டன் தானாக வெளியே வராது. பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். வண்டியை நகர்த்தும் முன் பெடலை பத்து தடவையாவது மெதுவாக மிதித்து, கல் மாதிரி இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகும் ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதித்த பிறகும் பஞ்சு மாதிரி இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது, மெக்கானிக்கை வீட்டுக்கு கூப்பிடுங்க. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு இருந்த ஜோரில் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். கடைசி இறுக்கு வண்டி தரையில் இறங்கிய பிறகு. ஆயில் டப்பாவில் அளவு சரியா என்றும் பாருங்கள்.

மலைக்கு முன்னால்...

புது பேடு போட்ட அன்றே ஊட்டிக்கு கிளம்பக்கூடாது. புது பேடு டிஸ்க்கோடு ஒட்டிப் பழக வேண்டும். காலி ரோட்டில் 50 கிலோ மீட்டர் வேகத்தில் போய் மெதுவாக பிரேக் பிடித்து 15-க்கு கொண்டு வாருங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம். இடையில் கொஞ்சம் ஆறவிட்டு எட்டு, பத்து தடவை செய்தால் போதும். பிறகு சில நாள் சமவெளியில் ஓட்டிவிட்டு மலை ஏறலாம். பிரேக் ஆயில் மாற்றி 2 வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிட்டு கிளம்புங்கள். இறங்கும்போது ஏறின கியரிலேயே, இரண்டாவதோ முதலாவதோ, இஞ்சின் பிடிப்பில் இறங்க வேண்டும். காலை பெடலிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் நேற்று போட்ட பேடும் கல்லார் வருவதற்குள் கருகும்.