'தாங்கிக்கொள்' என்னும் அறிவுரை: டெல்டா மருத்துவமனைகளில் பணிச்சுமையும் சாதியும்

காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் வளரும் மாதங்களில் அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இரண்டு வகை நோயாளிகள் தவறாமல் வருகிறார்கள். பாம்பு கடித்தவர்கள் ஒரு வகை. பூச்சிக்கொல்லி நஞ்சு உடலில் ஏறியவர்கள் மற்றொரு வகை. ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு ஏறியவருக்கு ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அட்ரோபின் அளவை உயர்த்த வேண்டும். நுரையீரலில் கோத்த நீர் வற்றுகிறதா, நாடித்துடிப்பு மீள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிழைத்துவிட்டார் என்று உறவினர்கள் ஆறுதல் கொள்ளும் நேரத்தில், ஓரிரு நாள் கழித்து, கழுத்துத் தசைகள் தளர்ந்து மூச்சு நின்றுபோவதும் உண்டு. இரவெல்லாம் அந்தக் கட்டிலருகே நிற்பவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்லர். ஹவுஸ் சர்ஜனாகவோ முதலாண்டுப் பட்டமேற்படிப்பு மாணவராகவோ இருப்பார். முந்தைய நாள் காலையில் பணிக்கு வந்தவராக அவர் இருப்பதில் வியப்பில்லை.

கட்டிலில் கிடப்பவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இக்கட்டுரையின் பொருள் விளங்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் நிலமற்ற தலித் மக்கள். தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்தான். கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது 1968 டிசம்பர் 25 அன்று. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்த பண்ணைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மாவட்டங்களின் மருத்துவக் கல்லூரிகளில் வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்கிறார்கள். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பட்டியலினத்தவருக்கான 18 விழுக்காடு அவர்களை அங்கே கொண்டுவந்தது. திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபின் அந்த எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனாலும் தஞ்சை நகரின் நடுவிலுள்ள பழைய அரசு மருத்துவமனை இன்றும் ராசா மிராசுதார் மருத்துவமனை என்றே அழைக்கப்படுகிறது. கொடையளித்தவரின் பெயர் கட்டடத்தில் நிற்பது வழக்கம்தான். அந்தக் கொடைக்கான நெல்லை விளைவித்தவர்களின் பெயர் எந்தக் கட்டடத்திலும் இல்லை என்பதும் வழக்கம்தான்.

மருத்துவத் தொழிலின் மன அழுத்தம் குறித்து இப்போது நிறையப் பேசப்படுகிறது. 'பர்ன் அவுட்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனது நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் விளக்கியது. சீர்செய்யப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவு அது என்றும், பணி சார்ந்த நிகழ்வே தவிர நோயன்று என்றும் அந்நிறுவனம் தெளிவுபடுத்தியது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் மூன்று முகங்களைக் காட்டியிருந்தார்: உடலும் மனமும் வற்றிப்போதல், நோயாளி மனிதராகத் தெரியாமல் வெறும் கட்டில் எண்ணாகத் தெரியத் தொடங்குதல், தன் உழைப்பால் எதுவும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம். மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பவை.

இந்தியாவில் இதன் அளவு என்ன? தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்தனர். முதுநிலை மாணவர்களில் அது 15.3 விழுக்காடு. ஆனால் கடந்த ஓராண்டில் தற்கொலை எண்ணம் எழுந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் சுமார் 16 விழுக்காடு, முதுநிலையில் சுமார் 31 விழுக்காடு. இந்த இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். படிநிலையில் மேலே போகப்போக நோய் இருப்பதாகச் சொல்வது பாதியாகிறது; சாகலாம் என்ற எண்ணமோ இரட்டிப்பாகிறது. முதுநிலை மாணவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. மருத்துவரிடம் போவதற்கு அவர்களுக்கு நேரமோ துணிவோ இல்லை என்பதே பொருத்தமான வாசிப்பு. தனக்கு மனநலச் சிகிச்சை நடக்கிறது என்பது துறைத்தலைவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற அச்சத்தை மருத்துவ மாணவர்களிடம் பேசிப்பார்த்த எவரும் அறிவர்.

அதே அறிக்கையின்படி முதுநிலை மாணவர்களில் 45 விழுக்காட்டினர் வாரத்திற்கு 60 மணி நேரத்திற்கு மேல் உழைக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு வார விடுப்பு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. வாரத்திற்கு 74 மணி நேரம் உச்சவரம்பாக இருக்கட்டும் என்று பணிக்குழு பரிந்துரைத்தது. ஒன்றிய அரசின் 1992ஆம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்ட ஆணை, நாளொன்றுக்குப் பொதுவாக 12 மணி நேரத்தையும் வாரத்திற்கு 48 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது என்று ஏற்கெனவே கூறியிருந்தது. முப்பது ஆண்டுகளில் நாம் 48இலிருந்து 74க்கு 'முன்னேறி'யிருக்கிறோம்.

இதுவரை சொன்னவை எல்லாச் சாதி மாணவர்களுக்கும் பொது. தூக்கமின்மைக்குச் சாதி கிடையாது. நோயாளி இறந்தபின் வரும் குற்றவுணர்வுக்கும் கிடையாது. ஆனால் அழுத்தம் என்பது ஒரே கட்டியான பொருளன்று. உழைப்பின் பாரம் ஒன்று, துயரின் பாரம் ஒன்று, இழிவின் பாரம் ஒன்று. முதல் இரண்டுக்கும் சொல்லப்படும் மருந்தை மூன்றாவதற்கும் சொன்னால் நோய் முற்றுகிறது. 'எல்லோரும் இப்படித்தான் கடந்து வந்தோம், தாங்கிக்கொள், பழகிவிடும்' என்று மூத்தவர் சொல்வது தூக்கம் கெட்டவருக்கு ஒருவகை ஆறுதலாக இருக்கலாம். சாதியின் பெயரால் சிறுமைப்பட்டவருக்கு அது சிறுமையின் தொடர்ச்சி.

இந்த மூன்றாம் பாரம் கற்பனை என்போர் 2007இல் பேராசிரியர் சுக்தேவ் தோரட் குழு அளித்த அறிக்கையைப் படிக்க வேண்டும். நாட்டின் முதன்மையான மருத்துவ நிறுவனமான டெல்லி எய்ம்ஸில், பட்டியலின, பழங்குடி மாணவர்கள் செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு காட்டப்படுவதாக அக்குழுவிடம் கூறினர். தொல்லை தாங்காமல் விடுதியில் குறிப்பிட்ட சில தளங்களுக்கு ஒதுங்கி, தமக்குள் கூடி வாழ்ந்தனர். ஊருக்கு வெளியே சேரி என்ற அமைப்பு அடுக்குமாடிக் கட்டடத்திற்குள்ளும் தன்னை மறுபடி கட்டிக்கொண்டது.

மும்பையில் மகப்பேறு மருத்துவம் பயின்ற பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வி 2019 மே 22 அன்று உயிர்நீத்தார். அவருடைய குடும்பத்தினரின் குற்றச்சாட்டுகளில் சாதி வசைகளோடு இன்னொன்றும் இருந்தது: தொழிலைக் கற்கும் வாய்ப்பு அவருக்குத் திட்டமிட்டு மறுக்கப்பட்டது என்பது அது. அவருடைய தாய் ஆபேதா தாட்வியும், ஹைதராபாத் மாணவர் ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகாவும் அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தை நாடினர். உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வலுவான ஏற்பாடு வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

தொழில் கற்கும் வாய்ப்பு மறுக்கப்படுவது எப்படி நடக்கிறது என்று மருத்துவத் துறைக்கு வெளியே உள்ளவர்களுக்கு விளங்குவதில்லை. அறுவை அரங்கிலோ பிரசவ அறையிலோ கைத்திறனைப் புத்தகத்தால் கற்க முடியாது. மூத்தவர் கத்தியைக் கையில் கொடுத்தால்தான் கற்கலாம். யாருக்குக் கொடுப்பது என்பதற்கு எழுதப்பட்ட விதி இல்லை. ஒருவர் அறுவை அரங்கில் நிற்பார். இன்னொருவர் கேஸ் ஷீட் எழுதுவார், இரத்தம் எடுப்பார், மாதிரியை ஆய்வகத்திற்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மூன்றாண்டு முடிவில் முன்னவர் தேர்ந்த மருத்துவராக வெளியேறுகிறார். பின்னவர் தடுமாறினால், 'கோட்டாவில் வந்தவர் அப்படித்தான்' என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. இதைச் செய்ய யாரும் வாய்திறந்து ஒரு வசைச்சொல் கூடச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று எதைக் குறிப்பிட்டாரோ அதற்கு மருத்துவமனை யூனிட்டைப் போல் ஏற்ற இடம் வேறில்லை. மேலே உள்ளவரின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கீழே உள்ளவரிடம் அதே அதிகாரத்தைக் காட்டும் உரிமை எல்லோருக்கும் உண்டு. டெல்டாவில் இதற்கு இன்னோர் அடுக்கும் சேர்கிறது. வார்டிலிருக்கும் நோயாளி எந்தத் தெரு என்று கேட்கிறார். மருத்துவர் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்றும் கேட்கிறார்.

அதே மருத்துவர் விடுமுறையில் வீட்டுக்குப் போனால் ஓய்வு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். காலனியின் ஒரே மருத்துவர் அவர். சர்க்கரை மாத்திரையின் அட்டையைக் காட்டி விளக்கம் கேட்பவர்கள், நள்ளிரவில் பாம்பு கடித்ததென்று தொலைபேசியில் அழைப்பவர்கள், பெரிய மருத்துவமனையில் 'நம்ம புள்ள' இருக்கிறது என்ற தைரியத்தில் வண்டி ஏறுபவர்கள் என எல்லோரும் அவரை நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் அன்பு இருக்கிறது, சுமையும் இருக்கிறது. தம்பி, தங்கையின் படிப்பும் வீட்டுக்கடனும் அவருடைய உதவித்தொகையிலிருந்தே நகர வேண்டும். நஞ்சு ஏறிக் கட்டிலில் கிடப்பவரின் முகத்தில் அவர் தன் சித்தப்பாவைக் காண்கிறார். நோயாளியைக் கட்டில் எண்ணாகப் பார்த்துத் தப்பிக்கும் வழி பிறருக்கு இருக்கலாம், இவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. தோல்வி இவருக்குத் தனிப்பட்ட தோல்வியாகவும் இருப்பதில்லை. கொள்ளிடத்திற்கு வடக்கே அரியலூர் மாவட்டம் குழுமூரில், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றும் நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1 அன்று இறந்தார். அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. கல்லூரிக்குள் வந்துவிட்டவர் 'என்னால் முடியவில்லை' என்று சொல்வதற்கு முன், வர முடியாமல் போனவர்கள் நினைவில் வந்து நிற்கிறார்கள்.

இங்கே மருத்துவர்களைப் பற்றி மட்டுமே பேசுவதும் ஒருவகை அநீதியே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. உடல்களைத் தூக்கியவர்கள், கழுவியவர்கள், பிணவறையில் அடுக்கியவர்கள் பெரும்பாலும் எந்தச் சமூகத்தவர் என்பதை ஊரறியும். பணி அழுத்தம் என்ற சொல்லை அவர்களுக்காக எவரும் பயன்படுத்துவதில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? உழைப்பின் பாரத்துக்குத் தியான வகுப்பு தீர்வாகாது. பணிமாற்ற நேரம் எழுதப்பட்டு, கையெழுத்திடப்பட்டு, மீறினால் துறைத்தலைவர் பதில் சொல்லும் பணிப்பட்டியலே தீர்வு. துயரின் பாரத்தை மரணம் நிகழ்ந்தபின் யூனிட்டாக உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவது கணிசமாகக் குறைக்கும். குற்றம் தேடாமல் பேச வேண்டும். இதற்குச் செலவே இல்லை; ஆனாலும் அரிதாகவே நடக்கிறது. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். கல்லூரிக்குத் தெரிய வேண்டியதில்லை.

இழிவின் பாரத்துக்குச் சட்டம் இருக்கிறது. அதன் ஒரு வேர் இந்தப் பகுதியிலேயே இருக்கிறது. சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு 1996 நவம்பரில் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதன் பின்னரே தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் 1997இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு தன் பகடிவதைத் தடுப்பு விதிகளை 2016இல் திருத்தி, சாதியைக் காரணமாகக் கொண்ட வசை, ஒதுக்கல் ஆகியவையும் பகடிவதையே என்று சேர்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. நோயாளிகளும் செவிலியர்களும் நிறைந்த வார்டு பூட்டிய அறையன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சட்டம் கைகொடுக்கச் சான்று வேண்டும். எந்த நாள், எந்த நேரம், யார், என்ன சொன்னார், அருகில் யார் இருந்தார் என்பதை அன்றே எழுதிவைக்க வேண்டும். அறுவை அரங்கில் எத்தனை முறை நிறுத்தப்பட்டீர்கள், சக மாணவர் எத்தனை முறை என்பதையும் பயிற்சிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். வசையின்றி நிகழும் மறுப்பைக் காட்ட வேறு வழியில்லை. புகாரை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கல்லூரி முதல்வரிடம் கொடுத்த புகாரின் நகலை, 2021இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்திற்கும் அனுப்பலாம். தனியாகப் போக வேண்டாம். மூத்த தலித் மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். டெல்டா மாவட்டங்கள் ஒவ்வொன்றிலும் இப்போது அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.