பல மாதங்களை ஒருங்கே காட்டும் நாட்காட்டி

விதைப்பு முதல் அறுவடை வரையுள்ள காலமோ, பள்ளியின் ஒரு பருவமோ ஒரே மாதத்தில் அடங்குவதில்லை. ஆகவே கணிப்பொறித் திரையில் தோன்றும் நாட்காட்டியிலும் மூன்று நான்கு மாதங்களை அடுத்தடுத்துக் காணும் வசதி அவசியமாகிறது. இதற்குரிய கணக்கு எளியது. ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையிலேயே விளக்கிக் காட்டலாம்.

முதலில் கட்டங்களின் எண்ணிக்கையைக் கவனிப்போம். வாரம் ஞாயிறன்று தொடங்குவதாகக் கொள்க. 2026 பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை பிறந்து 28 நாட்களில் முடிகிறது; அதற்கு நான்கு வரிசைகள் போதும். மார்ச்சுக்கு ஐந்து வேண்டும். சனிக்கிழமை பிறக்கும் ஆகஸ்டுக்கோ, தொடக்கத்தில் ஆறு வெற்றுக் கட்டங்களும் பின்னர் 31 நாட்களுமாக 37 கட்டங்கள், அதாவது ஆறு வரிசைகள் தேவை. இதற்கு மேல் எந்த மாதத்துக்கும் வேண்டியதில்லை. எனவே மாதம் ஒன்றுக்கு ஆறு வரிசை, ஏழு பத்தி, ஆக 42 கட்டங்கள் ஒதுக்கினால் எல்லா மாதங்களும் ஒரே அளவில் அமையும்.

அடுத்த மாதம் பிறக்கும் கிழமையை அறிய, நடப்பு மாதத்தின் நாட்களை ஏழால் வகுத்து, மீதியை அதன் முதற் கிழமையோடு கூட்ட வேண்டும். 31க்கு மீதி 3. வியாழனன்று பிறக்கும் 2026 ஜனவரிக்குப் பின் பிப்ரவரி ஞாயிறன்று பிறப்பது இதனாலேயாம்.

இங்கு ஒரு பிழை நேர இடமுண்டு. ஜனவரி 31ஆம் தேதியை வைத்துக்கொண்டு மாத எண்ணில் ஒன்றைக் கூட்டினால், இணையப் பக்கங்களில் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி, இல்லாத பிப்ரவரி 31ஐ மார்ச் 3 எனக் கொள்ளும்; லீப் ஆண்டில் மார்ச் 2 எனக் கொள்ளும். அப்போது திரையில் பிப்ரவரி மறைந்து, மார்ச் இருமுறை தோன்றும். மாதத்தின் முதல் தேதியிலிருந்தே எண்ணினால் இப்பிழை நேராது.

வெற்றுக் கட்டங்களில் அண்டை மாதத் தேதிகளை நிரப்புவதும் நன்றன்று. ஒரே நாள் இரண்டிடத்தில் தோன்றுமாதலால், களப்பணியாளர் ஒரு பணியை இரண்டாக எண்ணிவிடக்கூடும்.

மேகநாத சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச் 22 முதல் வழக்கிலுள்ள தேசிய நாட்காட்டிக்கும் இம்முறை பொருந்தும். அதன் மாதங்கள் யாவும் 30 அல்லது 31 நாட்களே கொண்டவை. ஆகவே அவையும் அதே 42 கட்டங்களில் அடங்கும்.