தோட்டத்தில் புறாக்களைப் பேணுதல்

திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் மூவகைக் காட்டுப்புறாக்களை நாம் காண்கிறோம். பிடரியில் கருமைமீது வெண்புள்ளிகள் கொண்டது புள்ளிப்புறா. கழுத்தில் பாதி வளையம்போல் கருங்கோடு உடையது கள்ளிப்புறா. இவற்றினும் சிறியது தவிட்டுப்புறா. கோவில் கோபுரங்களில் வாழும் மாடப்புறா இவற்றினின்றும் வேறானது.

இவை பெரும்பாலும் தரையில் சிந்திய தானியங்களையும் களைகளின் விதைகளையும் பொறுக்கி உண்பவை. புதிதாக விதைத்த நிலத்திலும் இறங்குவதுண்டு. ஆகவே, விதையை மண்ணால் நன்கு மூடுதல் அவசியம்.

புறாவை வரவழைக்கத் தீனியினும் முதன்மையானது தண்ணீரே. உலர்ந்த விதைகளை உண்பதால் அது நாள்தோறும் நீர் பருகியாக வேண்டும். மற்றப் பறவைகள் பலவற்றைப்போல் தலையை நிமிர்த்தி விழுங்காமல், அலகை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிப்பது அதன் இயல்பு. சித்திரை, வைகாசியில் குட்டைகள் வறண்டபின், அகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்திற்கு நீர் வைத்தால் போதும்.

கம்பு, சோளம், சாமை ஆகியவற்றை ஒரு கைப்பிடி அளவு, பூனை பதுங்குவதற்கு இடமில்லாத வெட்டவெளியில் தூவலாம். சமைத்த சோறும் உப்பிட்ட பண்டமும் கூடா. எஞ்சிய தீனியை மாலையில் பெருக்கி அகற்றுவதோடு, சட்டியை நாள்தோறும் கழுவுதல் வேண்டும். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்கள் புறாக்கள் வாயிலாகவும் பரவக்கூடுமாதலால், இவ்விடம் கோழிக்கூண்டிற்கு அப்பால் இருப்பதே நலம்.

புறாவின் கூடு சில சுள்ளிகளால் ஆன எளிய மேடையே. அதில் பெரும்பாலும் இரண்டு வெண்முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாத்து, தொண்டைப்பையில் சுரக்கும் பால்போன்ற பொருளைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. முள்மரங்களும் கள்ளியும் அடர்ந்த உயிர்வேலி இக்கூட்டிற்கு அரணாகிறது. அதை அழித்துக் கம்பிவேலி இடும்போது, கூடு கட்டும் இடமும் மறைந்துவிடுகிறது.

பூச்சிமருந்து கலந்த விதையைத் திறந்தவெளியில் சிந்தவிடுவது பெருந்தீங்கு. அதை உண்ணும் புறா மடிவதுடன், இறந்த பறவையைத் தின்னும் பிராணிகளும் நஞ்சுக்கு இரையாகலாம். காட்டுப்புறாக்களைப் பிடிப்பதையும் வேட்டையாடுவதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் பொதுக்கிணற்றருகே ஒரு நீர்த்தொட்டி அமைத்து, புறம்போக்கு ஓரங்களிலுள்ள முள்வேலிகளைக் காத்து, மருந்திட்ட விதையின் ஆபத்தைக் கிராம சபையில் எடுத்துரைப்பாராயின், பெருஞ்செலவின்றியே இப்பறவைகளைப் பேணலாம்.